மரம் விழுங்கிய சூலம்

என் மகள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அங்கிள், மரத்துக்குள்ள இரும்பு ஏதாச்சும் இருக்கா? ஆணி, கம்பி, கொக்கி, எதுனாலும் சொல்லுங்க."

கோயில் தலைவர் சிரித்தார். "இது முனியாண்டி மரம் பாப்பா. இதுல யாரு ஆணி அடிப்பா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்துத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

மலேசியாவில் பகாவ் பக்கத்துத் தோட்டம் அது. ரப்பர் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபின் சனங்கள் டவுனில் குடியேறிவிட்டார்கள். கோயிலுக்கு மட்டும் காரில் வருவார்கள். கோயிலை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். ஏணி வைத்து எட்டும் உயரத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு பிரிவு உளுத்துப்போய்க் கோயிலின் தகரக் கூரைமேல் சாய்ந்திருந்தது. திருவிழாவுக்குள் அதை வெட்டி இறக்க வேண்டும்.

என் மகள் சிரம்பானில் ஒரு மரப் பராமரிப்புக் கம்பெனியில் தொழில் பழகுகிறாள். கயிறு கட்டி ஏறுவது, மரத்தின் நோயைக் கண்டுபிடிப்பது, எங்கே வெட்டினால் மரம் பிழைக்கும் என்று பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். பொம்பளப் பிள்ளையை மரமேற விட்டுவிட்டாயே என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது அவளுக்காகச் சண்டை போட்டவள் நான். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும்போதும் அவள் எந்த மரத்தில் தொங்குகிறாளோ என்ற நினைப்பு என்னை விட்டுப் போகாது.

அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஒரு மலாய்க்காரர், கண்டிப்பான மனிதர். தான் கீழே நிற்காதபோது பழகுபவர் யாரும் மரத்தின்மேல் செயின்சா என்ற மோட்டார் ரம்பத்தைப் பிடிக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அன்று அவர் கோலா பிலாவில் வேறு வேலையில் இருந்தார். கம்பெனியிலிருந்து கூட வந்த இரண்டு ஆட்களும் மரத்தில் கட்டிய மஞ்சள் துணியையும் எலுமிச்சம்பழத்தையும் பார்த்துப் பயந்து தள்ளி நின்றுகொண்டார்கள். என்ன செய்வது என்று கேட்டு மகள் முதலாளிக்குப் போன் செய்தாள். அவரும் தமிழர்தான்.

"நம்ம சாமிதானே லா, ஒன்ன ஒண்ணும் செய்யாது. தலைவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். ஏறி முடிச்சிட்டு வா."

அவளுடைய மோட்டார்சைக்கிள் பட்டறையில் கிடந்ததால் நான்தான் அவளை எங்கள் வீடு இருக்கும் தெமியாங்கிலிருந்து காரில் கூட்டிப்போயிருந்தேன். அதனால் எல்லாவற்றையும் என் கண்ணாலேயே பார்த்தேன்.

சின்னக் கிளைகளைக் கைரம்பத்தால் அறுத்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கினாள். பிறகு மரம் பிரியும் இடத்தில் நின்று செயின்சாவை வைத்தாள். பாதி வெட்டு இறங்கியிருக்கும். சத்தம் மாறியது. மரம் அறுபடும் சத்தம் போய் ஒரு கிறீச்சல். பொறி பறந்தது. சங்கிலி அறுந்து அவளுடைய இடது முன்னங்கையைக் கிழித்தது.

ஒரு கையாலேயே கயிற்றைப் பிடித்து இறங்கி வந்தாள். நான் துப்பட்டாவைக் கழற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், "சூலம்! சூலம் தெரியுது!" என்று ஒருவர் கத்தினார். அத்தனை பேரும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சூடம் ஏற்றினார்கள். என் பிள்ளையைக் காருக்குத் தூக்கிப்போக, தள்ளி நின்ற அந்த இரண்டு பேர்தான் ஓடிவந்தார்கள்.

கதை பிறகுதான் தெரிந்தது. மரம் சின்னதாக இருந்த காலத்தில் யாரோ அந்தப் பிளவில் ஒரு சூலத்தை நட்டிருக்கிறார்கள். மரம் வளர்ந்து அதை மூடிக்கொண்டது. முனியாண்டி சூலத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டார் என்று திருவிழாதோறும் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த தலைவரிடம், "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"பாப்பா இரும்புன்னுதானே கேட்டுச்சு டீச்சர்," என்றார். "அது சூலம்."

அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் நிஜமான குழப்பம் இருந்தது. பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இந்தப் பதிலை எங்கே பிடிப்பது?

தையல் பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இனிமேல் அவள் ஆபீஸில் உட்காரட்டும் என்று முதலாளி பழக்கூடையோடு சொல்லி அனுப்பினார். அவள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"முனியாண்டி ஒங்க மக கையாலதான் வெளிய வந்தாரு டீச்சர். பொன்னாடை போத்தணும்னு கமிட்டியில முடிவு."

"அந்தக் கைய வந்து பாருங்க மொதல்ல!" என்று நான் எழுந்துவிட்டேன்.

உள்ளே இருந்து மகள் கேட்டாள். "அங்கிள், நான் பாதி வெட்டுன அந்தக் கெளை இன்னும் அப்படியேவா நிக்குது?"

"சாமி புடிச்சி வெச்சிருக்காரு மா."

"யாரையும் கீழ விடாதீங்க. எனக்குத் தொழில் பழக்குற சாரோட நான் வரேன்."

அவர் போனபின் அவளைத் திட்டித் தீர்த்தேன். பட்டது போதாதா என்றேன். "நான் ஆரம்பிச்ச வெட்டு மா," என்றாள்.

போனோம். அந்தக் கிளைக்கு அடியிலேயே, கோயில் கூரைக்குக் கீழே, தலைவரும் ஏழெட்டுப் பேரும் பொன்னாடையோடு காத்திருந்தார்கள். "வெளிய வாங்க எல்லாரும்!" என்று வகுப்பில் கத்துவதுபோல் கத்தினேன். வந்தார்கள்.

மகள் என் கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். இந்த முறை கேள்வியை மாற்றினாள்.

"இந்த மரத்துல யாரு எத வெச்சீங்க? சாமிக்குன்னு வெச்சதையும் சொல்லுங்க."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அந்தாண்ட, புள்ளை வேணும்னு கம்பியில தொட்டில் கட்டுனேன் மா." இன்னொருவர், "மணிக்கு ஒரு கொக்கி." இன்னொருவர், "லைட்டுக்கு நாலஞ்சு ஆணி லா." அவள் எட்டிய இடங்களில் வட்டம் போட்டாள். எட்டாத இடங்களில் பயிற்சியாளர் ஏணியில் ஏறிப் போட்டார். ஒவ்வொரு வட்டத்துக்கும் எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்!

பயிற்சியாளர் கயிற்றில் ஏறினார். இந்த முறை அந்த இரண்டு பேரும் மரத்தடியில் நின்று கயிற்றைப் பிடித்தார்கள். மகள் கீழே தள்ளி நின்று, எங்கே வெட்ட வேண்டும் என்று மேலே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். செயின்சா கிளம்பியதும் நான் மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். தலைவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "நீங்களாச்சும் வாங்கிக்கிங்க டீச்சர்," என்று பொன்னாடையை நீட்டினார். நான் திரும்பவில்லை.

மகள் சாக்பீஸை அடிபட்ட இடது கைக்கு மாற்றி விரல்களை மூடப் பார்த்தாள். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது.