பெரியண்ணனின் சுருதி

பாட்டுப் பதிவு தொடங்கும் சிவப்பு விளக்கு எரிந்ததும் எல்லோரும் என் விரலைத்தான் பார்த்தார்கள். பாலையூற்றில் என் மச்சான் வீட்டு அறை அது. சத்தம் வெளியே போகாதபடி சுவர் முழுக்க மெத்தைகளைச் சாத்தியிருந்தோம். அந்தப் பாட்டு என் பேஸ் கிற்றாரில்தான் தொடங்கும். விரலோ வியர்த்துக் கம்பியில் வழுக்கியது. பிள்ளைகளே, பெரிய ஆட்களுக்குப் பயம் வராதென்று நீங்கள் நினைத்தால், அன்றைக்கு என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எங்களுடையது ரொக் இசைக்குழு. நான் துறைமுகத்தில் கூலி வேலை. மச்சான் கிற்றார் வாசிப்பான், பகலில் ஓட்டோ ஓடுவான். ட்ரம்ஸ் அடிக்கிற தம்பிக்குச் சந்தையில் மீன் கடை. எங்களுக்குப் பாட்டென்றால் பெரியண்ணன்தான். அவர் பாடினால் கடற்கரையில் நிற்கிற சனம் முழுக்கக் கூடப் பாடும். கோபமும் அப்படிப் பெரிசுதான்; ஒருமுறை மேடையில் நான் தாளம் பிழைத்ததற்கு மைக்கைத் தூக்கி எறிந்தவர். பிறகு தொண்டையில் வருத்தம் வந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். குரல் போய்விட்டது. பேசினால் காற்று மட்டும்தான் வரும். குழுவும் அதோடு நின்றது.

பல வருடம் கழித்து மச்சான்தான் மறுபடி ஓர் அல்பம் செய்வோம் என்றான். பாட ஆள் வேண்டுமே. கடற்கரை ஊரான சல்லியில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி கோயில் திருவிழாவில் பாடினதைக் கேட்டுக் கூட்டிவந்தோம். தங்கச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம்.

அவளுக்குக் குரல் மேலே போகும். பெரியண்ணனின் பாட்டுகளோ கீழே கிடப்பவை. சுருதியை அவளுக்கு ஏற்றமாதிரி உயர்த்தியிருக்க வேண்டும். ஆனால் மச்சான் விடவில்லை. “அது அவற்ற பாட்டு. சுருதியை மாத்தினா அவற்ற முகத்தில அடிச்ச மாதிரி,” என்றான். எங்களில் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. மரியாதை என்றுதான் சொல்லிக்கொண்டோம். பாதிக்கு மேல் பயம்.

அவள் மாதக்கணக்காக அந்தச் சுருதியில் அடிக்குரலை அழுத்தி அழுத்திப் பாடினாள். தொண்டை கட்டியது. சுடுதண்ணீரும் இஞ்சியுமாய்த் திரிந்தாள். தம்பி பகிடி விட்டான்: “சல்லிக் கடல்ல கத்தின தொண்டை, இதுக்கே கட்டுது?” அவள் உடனே, “கடல்ல கத்தேக்க ஒருத்தரும் சுருதி சொல்லித் தாறேல்லை அண்ணை,” என்றாள். சிரித்தோம். எனக்கு மட்டும் பெரியண்ணனின் நினைவு வந்தது. ஒரு குரல் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இன்னொன்றையும் போக்கடிக்கிறோமோ?

கடைசிப் பாட்டைப் பதிகிற அன்று பெரியண்ணன் வந்துவிட்டார். அவருடைய பேர்போன பாட்டு அது. மூலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தங்கச்சி இரண்டுதரம் தொடங்கி, இரண்டுதரமும் குரல் உடைந்து நிறுத்தினாள். பிறகு என் பக்கம் குனிந்து, “அண்ணை, என்ர சுருதியில தொடங்குங்கோ. இதில இனி ஏலாது. இல்லாட்டி நான் வீட்ட போறன்,” என்றாள்.

அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்தச் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. நான் கையை எங்கே வைக்கிறேனோ அங்கேதான் பாட்டு. கீழே வைத்தால் அவள் போய்விடுவாள். மேலே வைத்தால் பெரியண்ணன் எழும்பிப் போய்விடுவார்.

மேலே வைத்தேன்.

மச்சான் தலையைத் திருப்பி என்னை முறைத்தான். வேறு வழியில்லாமல் அவனும் கையை மேலே நகர்த்தினான். தங்கச்சி பாடினாள். அவளுடைய சொந்தக் குரலை நாங்கள் அந்த அறையில் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அதை ரசிக்க முடியவில்லை. கண் அவர் இருந்த மூலையிலேயே இருந்தது. பெரியண்ணனின் உதடு வழக்கம்போல் பாட்டோடு அசையத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது. பாட்டு முடியும்வரை அவர் அசையவில்லை.

முடிந்ததும் கையைக் காட்டி அவளைக் கிட்டக் கூப்பிட்டார்.

“மற்றப் பாட்டெல்லாம் எந்தச் சுருதியில பாடினனி?”

“உங்கட சுருதியில, அண்ணை.”

அவர் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். காற்றுக் குரலில், நாங்கள் காதைக் கொடுத்துக் கேட்கும்படி சொன்னார்: “ஏன் என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை?”

பகிடிக்காரத் தம்பி குச்சிகளை உருட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு தெரு தள்ளியிருக்கிற வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்க, வளர்ந்த ஆண்கள் மூன்று பேருக்குத் துணிவில்லை.

“எல்லாத்தையும் அழியுங்கோ. திரும்பப் பாடட்டும்,” என்றார்.

“இண்டைக்கு ஏலாது அண்ணை,” என்றாள் தங்கச்சி. “தொண்டை காயுது. முதல்ல தண்ணி தாங்கோ.”

அவரிடம் அப்படிச் சொன்ன ஆளை நான் அதுவரை கண்டதில்லை. மைக் எறிந்த அந்த மனிதர் எழும்பி, குசினிக்குப் போய், இளஞ்சூடா என்று கையால் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.