அமாவாசைக்கு மூடிய இன்டர்நெட் கடை

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கூடுதல் இரண்டும் நாத்தனார் பிள்ளைகள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு என் அடுப்பில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் என்னிடம் இன்னும் பயம் இருக்கிறது. என் படிப்பு மூன்றாம் வகுப்பு. பஸ் போர்டு படிப்பேன். கையெழுத்துப் போடுவேன், போட்டு முடிக்கும்வரை எதிரில் இருப்பவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல, காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிற பேத்தி எழுதுகிறாள்.

விஷயம் என் மருமகளின் கடை பற்றியது. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறி. மகன் நெய்வதை எல்லாம் கடைவீதி முதலாளி ஒருவரிடம்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் வைத்த விலை, அவர் ஒட்டிய சீட்டு. மருமகள் பக்கத்துக் கிராமமான கூரத்தில் பயிர்வைக்கிற வீட்டுப் பெண். எங்கள் நிலத்தில் விளைந்த வேர்க்கடலையை எங்கள் அப்பா எங்கள் பேரில்தான் விற்றார், நீங்கள் ஏன் புடவையை அடுத்தவர் பேரில் விற்கிறீர்கள் என்று வந்த நாளிலிருந்து கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் கேட்டாள். கடைசியில் மகன் ஒரு வருஷம் கெடு கொடுத்தான். இன்டர்நெட்டில் கடை போட்டுக்கொள், ஒரு வருஷத்தில் ஓடவில்லை என்றால் பழையபடி முதலாளிக்கே நெய்வேன், அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது என்றான். அவளும் சரி என்றாள்.

இன்டர்நெட்டில் கடை போடவும் இடம் வேண்டுமாம். பேத்தி விளக்கினாள். எங்கேயோ ஓர் ஊரில் தூங்காத கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருக்கும். அதில் நமக்கு ஒரு பங்கு வாடகைக்கு எடுக்க வேண்டும். புடவைப் படமெல்லாம் அங்கே இருக்கும். யார் எந்த நாட்டிலிருந்து பார்த்தாலும் அங்கிருந்துதான் போகும். இதற்குக் கிளவுட் என்று பேர்.

எந்த ஊர் என்று கேட்டேன். பாம்பே என்றாள். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவருக்கு நூறு கிராம் பட்டு நூல் கொடுக்க வேண்டுமென்றால்கூட அவர் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். இடத்தைக் காட்டு என்றேன். போனில் படம் காட்டினாள். இரும்பு பீரோ பீரோவாக வரிசை, நீல விளக்கு. ஒரு ஆள் இல்லை. ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம்கூட இல்லை. கூட்டிப் பெருக்குவது யார் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. நான்கு வருஷமாகப் படிக்கிறாள்.

எந்தக் கம்பெனி என்பதில் இரண்டு பேச்சு வந்தது. மகனுக்குப் பெரிய கம்பெனி வேண்டும். உலகம் முழுக்க அதுதான் என்றான். அந்தக் கம்பெனியின் விலைச் சீட்டைப் பேத்தி ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தாள். உள்ளே வந்தால் ஒரு விலை, வெளியே போனால் ஒரு விலை, வைத்திருந்தால் ஒரு விலை. மாதக் கடைசியில் எவ்வளவு வரும் என்று கேட்டேன். வந்தால்தான் தெரியும் என்றாள். இன்னொன்று, புதிதாக வளர்ந்துகொண்டிருக்கிற சின்னக் கம்பெனி. அது அளவுச் சாப்பாடு மாதிரி. இவ்வளவு இடம், இவ்வளவு வாடகை, முடிந்தது. இலை நிறையப் போடமாட்டான். ஆனால் கை கழுவி வரும்போது பில்லைப் பார்த்து நெஞ்சு அடிக்காது. இதையே எடு என்றேன்.

அந்தக் கம்பெனியின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் பாலை அடுப்பில் வைத்தபோது பேத்தி பேர் பதிந்தாள்; பால் பொங்குவதற்குள் இடம் தயார். நான் வாழ்ந்த வீடுகளில் சாவி வாங்கவே மூன்று நாள் நடக்கவேண்டியிருந்தது. அப்புறம், போன் செய்தால் ஆள் எடுத்தார்கள். தமிழில் பேசுகிற ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கம். புடவைப் படம் போன் கண்ணாடியில் முந்தானையிலிருந்து ஒவ்வொரு இழையாக, நெய்துகொண்டே வருகிற மாதிரி மெதுவாகத் திறந்தது. படத்தைப் பெரிதாக எடுத்துவிட்டீர்கள், சின்னதாக்குங்கள் என்று பொறுமையாக அரைமணி சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நான் போனை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை ஆச்சி என்றாள். அவர்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது வேறொன்று. கம்ப்யூட்டரை ஓட்டின நாளுக்குத்தான் வாடகை. நிறுத்திவைத்த நாளுக்கு வாடகை கிடையாது. பூட்டின நாளுக்கு வாடகை வாங்காத வீட்டுக்காரரை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. மகா புண்ணியவான்கள் என்று நினைத்தேன்.

குறையும் அப்போதே இருந்தது. அது ஒண்டுக்குடித்தனம். ஒரே கம்ப்யூட்டரில் பத்துப் பேர் பங்கு. நான் கல்யாணமாகி வந்த வீட்டில் ஏழு குடித்தனம், ஒரே குழாய். ஒரு வீட்டில் சீமந்தம் என்றால் மற்ற ஆறு வீட்டில் குழம்பு கிடையாது. இங்கேயும் அப்படியே. பக்கத்துப் பங்குக்காரன் தள்ளுபடி விற்பனை போட்டால் எங்கள் கடை நொண்டும். மகன் அதைப் பார்ப்பான். தொண்டையைக் கனைப்பான். அது போதும், மருமகள் முகம் சுருங்கும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு அமாவாசை தறி ஓடாத நாள். ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைத் தொடமாட்டோம். தறியைத் துடைத்து, பொட்டு வைத்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பாடு. என் மாமியார் காலத்திலும் அப்படி, அவர் மாமியார் காலத்திலும் அப்படி. தறி நிற்கிற நாளில் தறியில் நெய்த புடவையை மட்டும் விற்கலாமா? கடைக்கும் அமாவாசை உண்டு என்று சொல்லிவிட்டேன்.

"அத்தை, மலேசியாவுல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றாள் மருமகள்.

"ஏன், அங்க வேற நிலாவா காயுது?" என்றேன்.

அப்படியே முடிவாயிற்று. மாதாமாதம் அமாவாசை காலையில் பேத்தி போனில் ஒரு பொத்தானை அழுத்துவாள், பாம்பேயில் எங்கள் பங்கு நின்றுவிடும். மறுநாள் இன்னொரு பொத்தான், ஓடும். அந்த நாளுக்கு வாடகையும் இல்லை. சாமிக்கும் சாமி, சிக்கனத்துக்கும் சிக்கனம் என்று நான் நாலு பேரிடம் பெருமை அடித்தேன்.

ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் போனது. அதற்குள் அந்தக் கம்பெனி வளர்ந்துவிட்டது. போனைத் திறந்தால் அவர்கள் விளம்பரம். ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் குடியேறினார்கள் போலிருக்கிறது.

மலேசியாவில் ஒரு கல்யாண வீடு. பெண்ணுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்து ஒன்பது புடவை. மூன்று வாரமாக மருமகள் அவர்களோடு பேசிப் பேசி ஒரு நாள் குறித்திருந்தாள். வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து, பெரிய டிவியில் கடையைத் திறந்து, புடவை எடுப்பதாக ஏற்பாடு. நம் ஊர் மணிக்குப் பதினொன்று. அதற்கு முந்தின நாள் அமாவாசை. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுவிடலாம் அத்தை என்று மருமகள் இரண்டு தடவை கேட்டாள். ஒரு தடவை விட்டால் அது அப்புறம் வழக்கமே இல்லை என்றேன். பேத்தி பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓட்டுகிற பொத்தானை அழுத்தினாள். ஓடவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. இப்போது இடம் காலி இல்லை, பிறகு முயற்சி செய்யவும் என்று அர்த்தமாம்.

பேத்தி கம்பெனியின் ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தாள். நிறுத்திவைத்தால் வாடகை இல்லை. வாடகை இல்லாததால் அந்த இடத்தை அவர்கள் வேறு யாருக்கும் கொடுத்துவிடலாம். நம் புடவைப் படங்களாகிய பெட்டி, படுக்கையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அறைதான் போய்விடும். நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அமாவாசை கும்பிடப் போன நேரத்தில், வீட்டுக்காரர் வேறு குடித்தனம் வைத்துவிட்டார். முன்பு காலி இடம் நிறைய இருந்ததால் ஒவ்வொரு மாதமும் திரும்பக் கிடைத்தது. இப்போது கூட்டம்.

மகன் தறியிலிருந்து எழுந்து வந்தான். "நான் அப்பவே சொன்னேன், பெரிய கம்பெனின்னு. இன்னா பண்றது, முதலாளிகிட்டயே போயிட வேண்டியதுதான்" என்றான். மருமகள் துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன் செய்தோம். இப்போது ஆள் எடுக்கவில்லை, இயந்திரம் எடுத்தது. நீங்கள் பத்தொன்பதாவது ஆள், காத்திருக்கவும் என்றது. நடுவில் ஒரு பாட்டு. அந்தப் பாட்டில் வார்த்தையும் இல்லை, முடிவும் இல்லை. நான் ஒரு கிலோ அவரைக்காய் நார் எடுத்து முடித்தேன், பதினொன்றாவது ஆள் ஆனோம். ஒன்பதரைக்கு ஒரு பையன் எடுத்து ஆங்கிலத்தில் பேசினான். பேத்தி பேசினாள். அவன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான்: ஓடிக்கொண்டிருந்ததை ஏன் நிறுத்தினீர்கள்?

பேத்தி மருமகளைப் பார்த்தாள். மருமகள் மகனைப் பார்த்தாள். அத்தனை பேரும் என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்கள். சுவரில் இருந்த காலண்டரைக்கூடப் பார்த்தார்கள். பேத்தி ஏதோ கரண்ட் கட் என்று ஆரம்பித்தாள். எனக்காகப் பொய் சொல்ல இந்த வீட்டில் யாரையும் நான் வளர்க்கவில்லை. போனை வாங்கினேன்.

"தம்பி, நான்தான் நிறுத்தச் சொன்னேன். நேத்து அமாவாசை. மருமக வேணாம்னுதான் சொன்னா, நான் கேக்கல. தப்பு என்னுது. அவ கடைய தெறந்து குடு" என்றேன்.

பேத்தி போனை வாங்கி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அப்புறம் மேலதிகாரியிடம் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னதாகப் பேத்தி சொன்னாள். மறுபடி அந்தப் பாட்டு. பாட்டு நின்றதும் ஒரு குரல்.

"காஞ்சிபுரத்து ஆச்சியா? நல்லா இருக்கியளா?"

அதே திருநெல்வேலிப் பெண். கம்பெனியோடு அவளும் வளர்ந்து மேலதிகாரி ஆகியிருந்தாள். இப்போதாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். அதைச் சாயங்காலம் பேசுவோம் ஆச்சி என்றாள். பாம்பேயில் இடமே இல்லை, பெட்டியைப் பெங்களூரில் இருக்கிற கட்டடத்துக்குக் கொண்டுபோய் அங்கே அறை போட்டுத் தருகிறேன், பதினொன்றரையைத் தாண்டிவிடும் என்றாள். வைப்பதற்குமுன் ஒன்று சொன்னாள்.

"இனி நிப்பாட்டாதீய ஆச்சி. அது பாட்டுக்கு உள்ள ஓடிக்கிட்டுக் கெடக்கட்டும். வாசல்ல 'இன்று விடுமுறை'ன்னு ஒரு போர்டு மட்டும் மாட்டுங்க."

போர்டு மாட்டலாம் என்பது காலேஜில் சொல்லித்தரவில்லையா என்று பேத்தியிடம் கேட்டேன். நீ நிறுத்து என்றுதானே சொன்னாய் ஆயா என்றாள். அதுவும் வாஸ்தவம்தான்.

பதினொரு மணிக்கு மருமகள் மலேசியாவுக்கு வீடியோ போட்டாள். கதை கட்டவில்லை. நேற்று அமாவாசை, எங்கள் வழக்கப்படி கடையை மூடினோம், திறக்கக் கொஞ்சம் தாமதம் என்று உள்ளதைச் சொன்னாள். அந்த வீட்டில் என் வயதில் ஒரு அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். இந்தக் காலத்தில் அமாவாசைக்கு யார் கடையை மூடுகிறார்கள், இவர்கள் சரிகையில் ஏமாற்றமாட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அது சரியான பேச்சு இல்லை. அமாவாசைக்கு நூறு பேருக்குச் சோறு போட்டுவிட்டுச் சரிகையில் ஏமாற்றியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் அதை எடுத்துச் சொல்லவில்லை.

பதினொன்று நாற்பதுக்குக் கடை திறந்தது. ஒன்பதில் ஆறு எடுத்தார்கள். மூன்றை வேண்டாம் என்றார்கள்; அதில் ஒன்றின் மாம்பழ நிறம் எனக்கும் பிடிக்காது. மகன் தறிக்குப் போனான். கனைக்கவில்லை.

இந்த மாதத்தோடு ஒரு வருஷம் முடிகிறது. முதல் வருஷ வாடகை ஒன்று, இனிமேல் வேறு என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். வரும்போது வெல்லம், இருக்கும்போது மிளகாய். இது அவர்களுடைய இன்னொரு குறை. மூன்று வருஷத்துக்குச் சேர்த்து ஒப்புக்கொண்டால் பழைய வாடகையாம். மகன் பெரிய கம்பெனிக்கே போகலாம் என்றான். முதலாளி பேச்சை எடுக்கவில்லை. பேத்தி மூன்று வருஷம் என்றாள். என்னைக் கேட்டார்கள். வளர்கிற பிள்ளைக்கு மூன்று வருஷத்துக்குச் சேர்த்துச் சட்டை தைக்கக் கூடாது, ஒரு வருஷம் போதும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது அவள் கடை. அவளையே கேளுங்கள் என்றேன். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. மருமகள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு வருஷம் போதும் என்றாள். படங்களுக்கெல்லாம் வீட்டிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும், அமாவாசைக்குப் போர்டுதான், கம்ப்யூட்டர் நிற்காது என்றும் சொன்னாள். கடைசியை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் ஒத்துக்கொண்டேன். தறி மட்டும் நிற்கும்.

எங்கள் சேவை எப்படி, நிறை குறை எழுதுங்கள், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று அந்தக் கம்பெனி கேட்டிருக்கிறதாம். மூன்றரை போடச் சொன்னேன். அரை போட முடியாதாம். அப்படியானால் நாலு போடு, அந்தத் திருநெல்வேலிப் பெண்ணுக்காக.

எழுதிட்டியாடி? அந்தப் பையன்கிட்ட தப்பு என்னுதுன்னு சொன்னேனே, அத எழுதினியா, பாட்டியாச்சேன்னு வுட்டுட்டியா? மொதல்லேர்ந்து படி, கேக்கறேன்.