பின்சீட்டின் எடை

நெரிடா ஷிர்மர் மோட்டார் சைக்கிளில் போனதை முதன்முதலில் பார்த்த கேரிட்டன் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். பெண்பிள்ளை வண்டி ஓட்டியதற்காக இல்லை. அந்தப் பக்கத்தில் ஆடு வளர்க்கிற பெண்கள் லாரியிலிருந்து டிராக்டர் வரை எதைத்தான் ஓட்டுவதில்லை? அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் பெவன், மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிறவன் மாதிரி கையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குத்தான் சிரித்தார்கள்.

அந்த வருஷம்தான் பெவன் தண்ணீர் இறைக்கிற காற்றாடிக் கோபுரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தான். இடது கால் கியர் மாற்ற உதவாது என்று தெரிந்ததும், வண்டியை விற்றுவிடலாம் என்றான். "விக்கிறதுக்கு நீ யாருய்யா?" என்று கேட்டுவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் நெரிடா முன்சீட்டில் ஏறினாள். ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து விழுந்துதான் கற்றுக்கொண்டாள். ஊர் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சாராயக் கடையில் கேலி செய்தவர்களுக்கு பெவனே பதில் சொன்னான்: "முன்னாடி உக்காந்தா வெறும் ரோடுதான்டா தெரியும். பின்னாடி உக்காந்தா ஒரு வேலையும் இல்ல, குத்தம் மட்டும் சொல்லிக்கிட்டே வரலாம்."

ஒன்பது வருஷம் அப்படித்தான் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தான். கியரை மாற்று, கல்லைப் பார், கங்காரு நிற்கிறது, தூங்குகிறாயா என்று ஹெல்மெட்டுக்குள் ஓயாத சத்தம். காரில் ஏறச் சொன்னால் மட்டும் மாட்டான். "கார்ல போனா நான் நோயாளி. இதுல போனா பாதி டிரைவர்" என்பான். நெரிடா அதற்கு எதிர்வாதம் செய்ததில்லை, ஏனென்றால் அது நிஜம்.

இந்த ஜூலையில், அங்கே குளிர் உச்சத்தில் இருக்கிற மாதத்தில், வறண்ட ஓடை ஒன்றைக் கடக்கும்போது வண்டியின் பின்பக்கம் அடியோடு இறங்கி 'டங்' என்று இடித்தது. பெவன் அலறிவிட்டான். வீட்டுக்கு வரும் வரை ஒரு குற்றமும் சொல்லவில்லை. வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்து, "அவ்வளவுதான் நெரிடா. இனிமே நான் ஏறல," என்றான். அதற்குப் பிறகு ரேடியோவும் அவனுமாக அடுப்புப் பக்கத்திலேயே கிடந்தான். இவன் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து போய்விடுவான் என்ற பயம் நெரிடாவுக்கு வந்தது. பயம் வந்தால் அவளுக்கு அழத் தெரியாது, எதையாவது கழற்றத்தான் தெரியும்.

வண்டியின் குலுக்கலைத் தாங்குகிற பின் ஷாக்கைக் கழற்றினாள். எண்ணெய் கசிந்து, கையால் அழுத்தினாலே செத்த பாம்பாய்க் கிடந்தது. அதே மாதிரி புதிது வாங்குவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. இரண்டு தடியர்களையும் மூட்டை முடிச்சையும் சுமப்பதற்கென்றே செய்த பெரிய வண்டிகள் இருக்கின்றன. அந்த மாதிரி ஒன்றின் ஷாக்கை எடுத்து இதில் மாட்டினால் என்ன? போர்ட் பிரி நகரத்தில் பழைய வண்டிகளை உடைத்து விற்கிறவனுக்குப் போன் போட்டாள். அவனிடம் அந்த ஷாக்குக்கு இரண்டு வகை ஸ்பிரிங் இருந்தது. பின்னால் உட்காருகிறவர் எத்தனை கிலோ என்று கேட்டான்.

"யோவ், உன் எடை என்ன?" என்று நெரிடா கத்தினாள்.

"தொண்ணூத்தாறு!" என்று அடுப்பங்கரையிலிருந்து பதில் வந்தது. யோசிக்கக்கூட இல்லை.

கெட்டியான ஸ்பிரிங் போட்ட ஷாக் வந்து சேர்ந்தது. நீளம் ஒரு விரற்கடை அதிகம், அது பரவாயில்லை. கீழே போல்ட் நுழைகிற துளைதான் பெரிதாக இருந்தது. பக்கத்துப் பண்ணை டார்சி நோஸ்கே தன் கடைசல் இயந்திரத்தில் அதற்குள் செருக ஒரு புஷ் வளையம் கடைந்து கொண்டுவந்தான். டார்சி கைவேலைக்குக் கூலி வாங்கமாட்டான், வாயால் வாங்கிக்கொள்வான்.

"இந்த ஷாக்கு என் மாமியாரையே தாங்கும்மா. உன் புருஷன் எம்மாத்திரம்?" என்றான்.

"உன் மாமியார் உன்னையே தாங்கினவங்க. அவங்களப் பத்திப் பேசாத."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பளி வெட்டும் கொட்டகையில் மாட்டி முடித்தார்கள். மாட்டினால் மட்டும் போதாது, அளந்தும் பார்க்கவேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் இத்தனை இறங்கவேண்டும் என்று கணக்கு உண்டு. அதிகம் இறங்கினால் இடிக்கும், இறங்காவிட்டால் குதிரை மாதிரி உதைக்கும். அளப்பதற்கு மட்டும் ஏறுகிறேன் என்று பெவன் ஒப்புக்கொண்டான். குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்வெட்டர், அதற்கு மேல் எண்ணெய்க் கோட்டு. டார்சி கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, பெவன் பெட்டிமேல் கால் வைத்து ஏறினான். நெரிடா குனிந்து அச்சிலிருந்து சீட்டு வரை டேப்பை வைத்தாள்.

வண்டி இறங்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

"நல்லா உக்காருய்யா. காலத் தூக்கு."

"தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஸ்பிரிங்கை இறுக்குகிற வளையத்தை முழுக்கத் தளர்த்தினாள். மறுபடி ஏறச் சொன்னாள். இறக்கம் ஒரு மயிரிழை கூடியது, அவ்வளவுதான்.

"அந்தக் கடைக்காரன் வேற ஸ்பிரிங்க தலைல கட்டிட்டான்," என்றாள். அவனைத் திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது டார்சி, "இரு, நான் ஏறிப் பாக்கறேன். போன மாசந்தான் எடை பாத்தேன், தொண்ணூத்தஞ்சு," என்றான். நெரிடா கைப்பிடியைப் பிடித்தாள், பெவன் டேப்பைப் பிடித்தான். டார்சி உட்கார்ந்ததும் வண்டி அழகாகக் கீழே போய், இருக்கவேண்டிய இடத்தில் நின்றது.

ஸ்பிரிங்கில் ஒரு கோளாறும் இல்லை.

டார்சி இறங்கினான். பெவன் டேப்பைச் சுருட்டுகிற வேலையில் மும்முரமாக இருந்தான். ஒரு டேப்பைச் சுருட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

கம்பளி முற்றிய ஆட்டைக் கண்ணால் நம்பக்கூடாது என்பது அந்த ஊரில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். பார்க்கக் கொழுகொழுவென்று நிற்கும், உள்ளே எலும்பாய் இருக்கும். அதனால் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கம்பளிக்குள் கையை விட்டு, முதுகெலும்பை அழுத்திப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஐந்து என்றால் கொழுப்பு, ஒன்று என்றால் எலும்பு. நெரிடா வாழ்நாளில் பல்லாயிரம் ஆட்டுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறாள். மதிப்பெண் சொல்வதில் அவள் கையை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அந்தக் கை ஒரே வீட்டில் இருந்தவனைத் தொட்டுப் பார்க்கவில்லை. இடுப்புக்காகக் கட்டாந்தரை போன்ற படுக்கை வேண்டுமென்று அவன் வேறு அறையில் படுத்தான். குளிருகிறது என்று ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராகப் போட்டான். சாப்பாட்டுத் தட்டு எப்போதும் காலியாகத்தான் வந்தது. நாய்தான் இந்தக் குளிர்காலத்தில் வகையாகப் பெருத்திருந்தது.

நெரிடா எழுந்து போய், அவன் கோட்டுக்கும் ஸ்வெட்டர்களுக்கும் அடியில் கையை விட்டாள். பெவன் விலகவில்லை. அவள் கட்டைவிரல் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக எண்ணியது. தோலிருக்கச் சுளை விழுங்கியாக ஏதோ ஒன்று அவனை உள்ளே உட்கார்ந்து தின்றிருந்தது.

"என் ஸ்பேனர் ஒண்ணு வெளிய என் வண்டில கெடக்கு," என்று சொல்லிக்கொண்டு டார்சி வெளியே போனான். திரும்பி வரவில்லை.

"எத்தன போடற?" என்று பெவன் கேட்டான்.

"வாய மூடு."

"சொல்லேன்."

"ஒண்ணரை," என்றாள். "ஒண்ணரை வாங்கின ஆட்ட நாம என்ன பண்ணுவோம் பெவன்? சந்தைக்குக்கூட ஏத்தமாட்டோமே. எப்பலேர்ந்துய்யா?"

அவன் பெட்டிமேல் உட்கார்ந்தான். "ஈஸ்டர்லேர்ந்து. ரத்தம் போகுது. சாப்பிட்டா வலிக்குது. அன்னிக்கு ஓடைல இடிச்சுதே, அது ஷாக்கு மட்டும் இல்ல. உக்கார்ற எடத்துல சதையே இல்ல."

"வண்டியப் பிரிச்சுப் போட்டு ரெண்டு வாரமா மல்லாடறேன். பாத்துக்கிட்டே இருந்தியே!"

"நீ சந்தோஷமா இருந்த. ஸ்பேனர் கைல இருந்தா பாட்டு பாடற. நான் சொன்னா பாட்டு நின்னுடும்." பிறகு, "பயமாவும் இருந்துச்சு," என்றான்.

"எனக்கும் இப்ப பயமா இருக்கு," என்றாள் நெரிடா. அவனைக் கட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே அழுதாள். அழத் தெரியாது என்று சொன்னேனே, தெரிந்துதான் இருந்தது.

போர்ட் அகஸ்டா டாக்டர் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். காரில் போகலாம் என்று அவள் சொல்ல வாயெடுத்தபோதே அவன் முகம் சுருங்கியது. பிறகு அவனே, "சரி, கார்லயே போலாம். இந்த எடைக்கு பைக்குதான் பின்னாடி தூக்கித் தூக்கி உதைக்குமே," என்றான். அவன் இப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவையாவது அவள் சொன்னதைச் சண்டையில்லாமல் கேட்டவனா?

திங்கட்கிழமை சாயங்காலம் கொட்டகைக்குப் போனாள். ஆடுகள் நக்குகிற உப்பு மூட்டையைப் பிரித்து, வண்டியின் இரண்டு பக்கப் பெட்டிகளிலும் கொட்டினாள். பெவனை ஏற்றி, டேப்பை வைத்து, இன்னும் கொஞ்சம் கொட்டினாள். வண்டி இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கும் வரை கொட்டினாள்.

"என்ன பண்ற?" என்றான்.

"உங்கிட்டேர்ந்து காணாமப் போனதத் திருப்பி வைக்கிறேன். ஸ்பிரிங்குக்குக் கணக்குத்தான் முக்கியம். ஆளா உப்பான்னு அதுக்குத் தெரியாது."

"உப்புப் போட்டதும் நான் நல்ல விலைக்குப் போவேன் போலிருக்கே," என்றான் பெவன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் புல்லெல்லாம் பனியாக இருந்தது. நெரிடா முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஊன்றி, வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ தடவை அவன் இப்படி ஏறியிருக்கிறான். ஏறுகிறபோது வண்டி பொதுக்கென்று கீழே போகும், அவள் பல்லைக் கடித்துத் தாங்குவாள், கியரைப் போடுவாள். இன்றைக்கும் அதற்காகக் காலை அழுத்தி ஊன்றியபடி காத்திருந்தாள்.

"என்னய்யா, ஏறலயா?" என்றாள்.

"அப்பவே ஏறிட்டேன்," என்று காதுக்குப் பக்கத்தில் அவன் குரல் கேட்டது. "எடு."