தனிச் சட்டி

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் எந்த விசேஷத்துக்கு அண்டா ஏறினாலும், இறக்குவதற்கு முன் என் தாய்மாமன் சென்றாயனைத்தான் உப்புப் பார்க்கக் கூப்பிடுவார்கள். சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்குவார், கண்ணை மூடுவார், "இன்னொரு கை போடு" என்பார். "போதும்" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. உப்பும் புளியும் சுள்ளென்று ஏறினால்தான் அவருக்கு அது சாப்பாடு, மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக் கஞ்சி. சமையல்காரர்கள் தலையாட்டிவிட்டு, போடுவதுபோல் பாவனை மட்டும் செய்வார்கள். இது ஊருக்கே தெரியும். மாமாவுக்கு மட்டும் தெரியாது.

மகள் பிரியதர்ஷினியின் கல்யாணத்தில் அந்தப் பாவனை பலிக்கவில்லை. மாப்பிள்ளை வீடு தருமபுரி. டவுன்காரர்கள் வாயால் பேர் வாங்கியே தீரவேண்டும் என்று மனிதருக்கு ஒரே வெறி. விடிந்ததும் மண்டபத்துச் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டார்.

"அளவு சரியா இருக்குதுங்க," என்றார் சமையல் மாஸ்டர் கலைவாணன்.

"எம் பொண்ணு கல்யாணம். எனக்குத் தெரியாதா?"

புளிக்கரைசலைச் சாம்பாரில் கவிழ்த்தார். உப்பையும் தன் கையாலேயே அள்ளிப் போட்டார். ரசத்தையாவது விட்டாரா? அதுவும் இல்லை.

முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. இரண்டு வாய் வைப்பதற்குள் தண்ணீர் டம்ளர்கள் காலி. "மோரு, மோரு" என்று நாலா பக்கமும் குரல். பாதிச் சோற்றோடு இலைகளை மூடினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த எனக்கே எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

சம்பந்தி மாதவராஜ் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க, சம்பந்தி."

அதோடு விட்டிருக்கலாம். மாமாவின் வாய் சும்மா இருக்குமா? "ருசியா சாப்புட்டுப் பழகணுமுங்க. எங்க வூட்டுல தெனமும் இதான். வேணுமுன்னா எம் பொண்ணையே கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் பிரியா சாம்பார்ச் சோற்றை ஓரம் ஒதுக்கிவிட்டுத் தயிரைப் பிசைந்துகொண்டிருந்தாள். பாவம், பொய் சொல்லவும் அவளுக்கு வராது.

"அது... வூட்டுல உங்களுக்கு மட்டும் தனிச் சட்டிப்பா."

யாரோ களுக்கென்று சிரிக்க, பந்தியே சிரித்தது. மாமாவின் முகம் செத்துப்போயிற்று. கலைவாணன் பருப்பு வேகவைத்துக் கலந்து இரண்டாம் பந்தியைக் காப்பாற்றினார். மாமா அந்தப் பக்கமே வரவில்லை. வருகிறவர்களைக் கும்பிடும் சாக்கில் வாசலிலேயே நின்றார், போகிறவர்கள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

சாயங்காலம் பெண்ணை அனுப்பிவிட்டு வீடு திரும்பினோம். மண்டபத்தில் மிஞ்சியதைத் தொட யாருக்கும் மனமில்லை. செல்லி அத்தை கொள்ளுக் குழம்பு வைத்தாள், பழக்கதோஷத்தில் இரண்டு சட்டியில். மாமா அடுப்படிக்கு வந்து இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எத்தன வருசமாடி இப்படி?"

"பிரியா ஒண்ணாவது படிச்சதுல இருந்துங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

"சொன்னனுங்க. இவ்வளவு உப்பு புள்ளைக்கு ஆவாதுன்னு. தட்டத் தூக்கி எறிஞ்சீங்க. புள்ள அழுதுக்கிட்டே செவுத்தத் தொடச்சா. அப்பறம் எங்க சொல்றது?"

மாமாவுக்கு அது ஞாபகமே இல்லை. அது முகத்திலேயே தெரிந்தது. எனக்குத்தான் கூசியது.

"உங்க சட்டியில இருந்தே ஊத்து," என்று உட்கார்ந்தார்.

ஒரு வாய் வைத்தார். அவர் நாக்குக்கு அது வெந்நீராகத்தான் இருந்திருக்கும். அத்தை நகர்த்திய உப்பு டப்பாவைத் தொடவில்லை. "நல்லாத்தான் இருக்குது" என்று நிமிர்ந்தார்.

அத்தை கதவோரம் நின்றிருந்தாள். பரிமாறிவிட்டு எப்போதும் அங்கேதான் நிற்பாள். ருசி எப்படி என்று அவர் முகத்தைப் பார்க்கிறாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் கண் அவர் முகத்தில் இல்லை. தட்டைப் பிடித்திருந்த இடது கையில் இருந்தது.

மாமாவும் அதைப் பார்த்துவிட்டார். தட்டைத் தரையில் வைத்து, அந்தக் கையைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டு, தலை நிமிராமல் தின்று முடித்தார்.