மீட்டர் காட்டிய தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து

2003-இல் அரியலூரில் ஒரு லாரி ஆபீசில் மேனேஜராக இருந்தேன். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் முப்பத்தைந்து லாரிகள் எங்களிடம் ஓடின. லாரிகள் வெவ்வேறு ஆட்களுடையவை. முறை போட்டு லோடு கொடுப்பதுதான் எங்கள் வேலை. மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆபீசில் இருந்ததே இரண்டு பேர், நானும் டைப்பும் ஜெராக்ஸும் பார்த்த ஒரு பெண்ணும்.

முதலாளி லப்பைக்குடிக்காட்டுக்காரர், பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் ஜெராக்ஸ் மிஷின் கம்பெனி அனுப்பிய பில்லை என் மேஜையில் வைத்தார். மிஷின் வாடகைக்கு எடுத்தது. பேப்பர் நம்முடையது, மிஷினில் உள்ள மீட்டர் எத்தனை காட்டுகிறதோ அத்தனைக்குக் காசு அவர்களுக்கு.

“ஆபீசும் அதேதான், லாரியும் அதேதான். பில்லு மட்டும் ஏறிக்கிட்டே போவுது. எங்க தம்பி போவுது இவ்வளவு காப்பி? யாரு வீணாக்குறாங்கன்னு பாருங்க. தெரிஞ்சா அவங்க நமக்கு வேணாம்.”

இருப்பது இரண்டு பேர். வீணாக்குவது நானில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது?

ஆனாலும் முறைப்படி செய்வதாக எனக்கு ஒரு நினைப்பு. மிஷின் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, என்ன காப்பி, எத்தனை, யாருக்கு என்று ஒவ்வொன்றையும் அந்தப் பெண்ணை எழுதச் சொன்னேன். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருமானூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். தபாலில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சார், நான் சம்பளம் கொண்டு போறவரைக்கும்தான் எங்க வூட்ல என் பேச்சு எடுபடும். வேலை போச்சுன்னா மறுமாசமே மாமன் மவனுக்குக் கட்டி வச்சுடுவாங்க. பாத்துச் செய்யுங்க சார்.”

“தப்பு பண்ணலைன்னா எதுக்கும்மா பயம்?” என்றேன். மேனேஜர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று எங்கோ கற்றுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

எங்கள் ஆபீசில் அதிகம் ஓடிய காப்பி டிரிப் ஷீட். முந்தின நாள் எந்த லாரி எத்தனை நடை போனது என்ற பட்டியல். தன் லாரிக் கணக்கு மட்டும் போதும் என்று ஒரு லாரிக்காரரும் சொல்ல மாட்டார். அடுத்தவன் எத்தனை நடை அடித்தான் என்பது தெரிந்தாக வேண்டும். சுவரில் ஒட்டினால் நம்ப மாட்டார்கள். கையில் கொடுக்க வேண்டும். முப்பத்தைந்து லாரிக்கும் தினம் முப்பத்தைந்து காப்பி. முன்பெல்லாம் இதைச் சின்னத் தாளில் பொடி எழுத்தில் அடித்தோம். கண்ணுக்குத் தெரியவில்லை என்று தினம் சண்டை வந்ததால், அந்த வருடம் நான்தான் இரண்டு மடங்கு பெரிய தாளுக்கு மாற்றினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாதம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். நோட்டில் இரண்டாயிரத்து நூற்றைம்பது காப்பி. மீட்டரில் மூவாயிரத்துத் தொண்ணூற்றைந்து. நடுவே தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து காப்பி எங்கேயும் எழுதப்படாமல் போயிருந்தது. டிரைவர்களுக்கு ஆர்.சி. புத்தகம், ரேஷன் கார்டு என்று காப்பி போட்டுக் கொடுத்துக் காசு பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஒரு தாளில் அழகாக எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு பாயிடம் கொடுத்தேன்.

அவர் சொன்னபடி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “பேப்பர் கட்ட எண்ணிப் பாருங்க சார். மாசத் தொடக்கத்துல எத்தன இருந்துச்சு, இப்ப எத்தன இருக்குன்னு பாத்தா தெரிஞ்சுரும்” என்றாள்.

“வெளியிலேருந்து பேப்பர் கொண்டு வந்து போட்டிருந்தா?” என்று கேட்டேன். அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, மிஷினைத் துடைக்கத் திருச்சியிலிருந்து மெக்கானிக் வந்தான். சோதனைக்காகப் பெரிய தாள் ஒன்றைப் போட்டு எடுத்தான். மீட்டரில் இரண்டு ஏறியது. கேட்டேன். “பெரிய பேப்பர்னா ரெண்டாத்தான் சார் ஓடும். ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்றான்.

டிரிப் ஷீட் தினம் முப்பத்தைந்து, இருபத்தேழு வேலை நாள். பேனா எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து, ஒன்றுகூடக் குறையாமல் வந்தது. பேப்பர் கட்டுகளையும் எண்ணினேன். நோட்டில் எழுதியிருந்த அளவுதான் செலவாகியிருந்தது, அவள் சொன்னது சரிதான்.

அன்றே பாயிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மேனேஜருக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பாரே என்ற வெட்கம் ஒரு பக்கம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் ஒரு பக்கம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒரு மாதத்தை ஓட்டினேன். அடுத்த பில் வந்தபோது பாயே கேட்டார்.

“அந்தப் புள்ள போயும் மீட்டரு எறங்கலையே தம்பி?”

வேறு வழியில்லாமல் சொன்னேன், அன்றுதான் கண்டுபிடித்தவனைப் போல. “யா அல்லா, ஒரு ஏழப் புள்ளயோட ஹக்க, அதுக்குச் சேர வேண்டியத, தின்னுட்டோமே தம்பி. நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கே போங்க. கையோட கூட்டிட்டு வாங்க” என்றார்.

மறுநாள் திருமானூரில் விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவளுடைய அப்பா வயலுக்குப் போயிருந்தார். மீட்டர் விஷயத்தை வாசலில் நின்றபடியே சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பாய் கூப்பிடுகிறார் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“போன வெள்ளிக்கிழமதான் சார் பூ வச்சுட்டுப் போனாங்க. மாமன் மவன் வேலைக்கெல்லாம் விட மாட்டாரு. அதுக்கு முந்தி வந்திருந்தீங்கன்னா அப்பாகிட்டச் சொல்லி நிறுத்தியிருப்பேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். “ஒங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?”

“நேத்துதாம்மா” என்றேன்.

“அப்ப நீங்க என்ன சார் பண்ணுவீங்க” என்று சொல்லிவிட்டு, வெயிலில் வந்திருக்கிறேன் என்று எனக்கு மோர் எடுத்துவர உள்ளே போனாள்.