சுவரில் ஒரு செம்புத் தகடு

என் அக்காவின் படத்தை பட்டாசுக் கம்பெனி வேன் நிற்கும் நிழற்குடைச் சுவரில் வரைந்து தரும்படி கேட்டு அவளோடு வேலை பார்த்த நாலு பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவள் உயிரோடு இருந்தபோது என்னிடம் கேட்ட ஒரே உதவியை நான் மறுத்தவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைவது என் வேலை. அக்கா சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தாள். அந்த அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். பாதி அறைகளில் அந்தத் தகடே கிடையாது. போதாததற்கு மருந்து கழுவிய தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கண்மாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, ஒனக்குத்தான் எழுத்து அம்புட்டு அழகா வருமே. ஒரு நோட்டீசு எழுதிக் குடுலே" என்றாள்.

அந்தக் கம்பெனிக்கு லேபிள் அடிப்பதே எங்கள் அச்சகம்தான். "ஆர்டர் போச்சுன்னா என் சோத்துல மண்ணுக்கா" என்றேன். அவள், "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது.

நோட்டீசை அவளே எழுதி, நகல் எடுத்து ஒட்டினாள். வேலை போனது. மனுவைத் தூக்கிக்கொண்டு விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கும் ஊருக்குமாக அலைந்தாள். கடைசியில் எல்லா வாசலிலும் தகடு வந்தது, வாய்க்காலையும் மூடினார்கள். அதற்குள் நெஞ்சுச் சளி அவளைப் படுக்கையில் தள்ளியிருந்தது. போன வருஷம் போய்விட்டாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படத்தை முடித்தேன். என் ஆயுளில் அத்தனை கவனமாக எதையும் வரைந்ததில்லை. திங்கள் காலை வேனுக்கு வந்த பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். பிறகு ஒருத்தி மெதுவாக, "நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா யாருண்ணே இது?" என்றாள்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். ரோஸ் கன்னம், காதில் ஜிமிக்கி, பின்னால் தோகை விரித்த மயில். முப்பது வருஷமாக லேபிள் போட்ட கை, அக்காவையும் தீபாவளிப் பெட்டிமேல் ஒட்டுகிற பெண்ணாக்கிவிட்டது. அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

"அக்கா காதுல ஏதுண்ணே ஜிமிக்கி? தொடப்பக் குச்சியத்தான சொருகியிருக்கும்."

"முழங்கை வரைக்கும் வெள்ளி மருந்து அப்பியிருக்கும்ணே."

"கையத் தகட்டுல வச்ச மாதிரி போடுங்க. அதுதான் அவுக."

மயிலை அழித்துவிட்டுக் கண்மாயை வரைந்தேன். ஜிமிக்கி போய்க் குச்சி வந்தது. கையைச் சாம்பல் வெள்ளையாக்கி, அதன் கீழே செம்பு நிறத்தில் ஒரு தகடு வரைந்தேன். இந்த முறை பார்த்தவர்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி சாப்பாட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள். அக்காவின் நோட்டீசு.

"உள்ள போகுமுன்ன தகட்டத் தொடுங்க. வீட்டுல பிள்ளைக காத்துக் கெடக்கும். மருந்துத் தண்ணியக் கம்மாயில விடாதீக. ஆடு மாடு குடிக்கும்."

"இதையும் எழுதிருங்கண்ணே" என்றாள்.

மறுபடியும் அதே நோட்டீசு, அதே கம்பெனி, அதே பயம். அன்று பகல் முழுக்கத் தள்ளிப்போட்டேன். சாயங்காலம் தூரிகையை எடுத்தேன். என் லேபிள் எழுத்தில் எழுத மனம் வரவில்லை. அவள் வரிகள் வலது பக்கம் மேலேறிக்கொண்டே போகும். அப்படியே பார்த்து எழுதினேன்.

விடிந்ததும் பார்க்கப் போனேன். வேனில் ஏறுமுன் ஒவ்வொருத்தியும் அந்தத் தகட்டில் கையை வைத்துவிட்டு ஏறினாள். வெறும் பெயின்ட், அதில் எதுவும் இறங்காது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? வேன் போன பிறகு நானும் கையை வைத்தேன். "எழுதிட்டேன்க்கா" என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த வாரமே எங்கள் அச்சக முதலாளி அந்த வழியாக வந்தவர், காரை நிறுத்திச் சுவர் முழுவதையும் வாசித்தாராம். என்னைக் கூப்பிட்டுவிட்டார். கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"எழுத்து ஏம்ப்பா கோணலா ஏறிப் போகுது? நீ எழுதுனதா அது?"

"எங்க அக்கா எழுதுனது" என்றேன்.

"ஓகோ" என்றுவிட்டு அதே கம்பெனியின் அடுத்த லோடுக்கான லேபிளைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த ஆர்டர் இன்றுவரை வருகிறது.