மணப்பாட்டுக்குப் போன எகிப்து மேஜை

ஞாயிறு, காலை 5.40. மதுரை மாட்டுத்தாவணி.

திருச்செந்தூர் பேருந்தில் எனக்கு ஒரு டிக்கெட், என்னோடு வந்த மேஜைக்கு ஒரு டிக்கெட். தலைக்கு நூற்றெழுபது ரூபாய். மேஜைக்கு நிஜமாகவே தலைகள் இருப்பது தெரிந்தால் கண்டக்டர் கூடுதலாகக் கேட்பாரோ என்று போர்வையை இன்னும் இறுக்கிக் கட்டினேன். மூன்று தலைகள் போர்வைக்குள். நான்காவது தலை மூன்று துண்டுகளாக என் மஞ்சள் பைக்குள்.

“உள்ள என்ன சார்?”

“காபி டேபிள்.”

“காபிக்கு எதுக்கு சார் டேபிளு? டம்ளரக் கையில பிடிச்சா எறங்காதா?”

இதே கேள்வியை நான் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். ஆனாலும் இன்னொருவர் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அதிகாலையில் எனக்கு எதைக் கண்டாலும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

மேஜை என் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் முன்பு கப்பலில் எஞ்சினியர். ஒருமுறை அலெக்சாந்திரியாவில் கப்பல் நின்றபோது, பழைய சாமான் கடையொன்றில் இந்த மேஜையை வாங்கினார். பாரோ காலத்துச் சாமான் அல்ல. வெள்ளைக்காரர்களுக்கு எகிப்துப் பித்து பிடித்திருந்த காலத்தில் யாரோ செய்தது. கருத்த மரம், விளிம்பில் பித்தளையில் தாமரை, நான்கு கால்களிலும் நான்கு ஸ்பிங்க்ஸ். கோடு போட்ட தலைத்துணி, மனித முகம், கீழே போகப் போகச் சிங்கப் பாதம். முழங்கால் உயரம்கூடக் கிடையாது. அதில் சாப்பிட முடியாது, எழுத முடியாது, படுக்க முடியாது. ஏறி நிற்கவும் முடியாது என்பதை வியாழக்கிழமை நானே நிரூபித்தேன்.

மச்சான் மகளைப் பார்க்க மஸ்கட் போயிருந்தார். அவர் வீட்டுச் சாவி என்னிடம். கூடத்தில் டியூப்லைட் மினுக்கியது. ஸ்டூல் சமையலறையில் இருந்தது, பத்தடி தூரம். என் எடை எழுபத்தெட்டு கிலோ. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மச்சான் செவ்வாய்க்கிழமை காலை வந்து இறங்குகிறார். வெள்ளிக்கிழமை போனில் அவர் முதலில் கேட்டது, “மேஜைய தொடைக்கிறியா மாப்ளே?” என்றுதான். என்னைப் பற்றி விசாரிக்கவேயில்லை. “சும்மா பளபளன்னு இருக்கு மச்சான்” என்றேன். பொய் இவ்வளவு சரளமாக வருவதைக் கேட்ட என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அன்று அந்தக் கடையில் இருந்தது ஜோடி மேஜை. ஒன்றை மச்சான் வாங்க, மற்றதை அதே கப்பலில் இருந்த மணப்பாட்டுச் சூசை வாங்கினார். சூசை காலமாகிவிட்டார். மனைவி கித்தேரியம்மாள் மணப்பாட்டில் இருக்கிறார். கெஞ்சியோ காசு கொடுத்தோ அந்த மேஜையை வாங்கி வந்து, இதன் இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி செய்தித்தாள் படிப்பது என் திட்டம். உடைந்தது மதுரையில் யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் அதையும் கூடவே தூக்கி வந்தேன்.

காலை 9.15. தூத்துக்குடி.

ஊருக்குள் நுழையும் முன்பே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி எங்களை இருபத்தைந்து நிமிஷம் நிறுத்தி வைத்தன. உலகத்துச் சாமானெல்லாம் பெட்டிக்குள் சொகுசாகப் போகிறது, என் சாமான் மட்டும் பேருந்தின் கடைசி சீட்டில் குலுங்குகிறது. பயத்தில் கால் கிலோ மக்ரூன் வாங்கி, உப்பளங்கள் தாண்டுவதற்குள் தனியாகத் தின்று தீர்த்தேன்.

திருச்செந்தூர் கோயிலுக்குப் போகும் ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குலுக்கலில் போர்வை விலகி ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

“இது எந்த ஊருச் சாமிண்ணே?”

“எகிப்து.”

“அது எங்கன இருக்கு? சாத்தான்குளத்துக்கு அங்கிட்டா?”

“ரொம்ப அங்கிட்டு.”

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சாமிக்குக் கால் நீட்ட இடம் வேண்டுமென்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நூற்றெழுபது ரூபாய் டிக்கெட் எடுத்தவன் திருச்செந்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.

பகல் 11.30. மணப்பாடு.

திருச்செந்தூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் அறுநூறு கேட்டார், ஐந்நூற்றைம்பதுக்கு வந்தார். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே கரை முழுக்கப் படகுகள். ஒரு படகுகூடத் தண்ணீரில் இல்லை. எனக்கு அப்போது அதன் அர்த்தம் உறைக்கவில்லை.

கித்தேரியம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே முன்னறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். தரை வரை தொங்கும் வெள்ளை லேஸ் துணி, அதன்மேல் அந்தோணியார் சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. துணியின் முனையைத் தூக்கினார். உள்ளே நான்கு ஸ்பிங்க்ஸ்கள், ஒரு கீறல் இல்லாமல், எகிப்தில் செய்த அன்றைக்கு முழித்தபடியே முழித்துக்கொண்டிருந்தன.

“எதுக்குக்கா மூடி வச்சிருக்கீங்க?”

“அந்தோணியாரச் சொமக்கட்டும், வேண்டாங்கல. மொறைக்கக் கூடாதுல்லா? அவிய கொண்டாந்த அன்னைக்கே சொல்லிட்டேன், ஒண்ணு துணி போடணும், இல்லன்னா இந்த முழிக்கண்ணனுவள வெளிய போடணும்னு.”

“அக்கா, இத எனக்கு வெலைக்குக் குடுங்க. நீங்க சொல்றதுதான் வெல.”

“ஏய்யா, சுரூபம் நிக்க எடத்த விப்பாவளா? ஒடைச்சவரு நீரு. பொறத்தால தொம்மை ஓடாவி இருக்கான். ஒட்டச் சொல்லும்.”

தொம்மை படகு கட்டும் ஆசாரி. அந்தக் கரையில் ஓடாவி என்பார்கள். பைபர் படகு வந்த பிறகும் மரவேலைக்கு அவரைத்தான் தேடுகிறார்கள். கோயில் திருவிழாச் சப்பரத்துக்குச் சிற்பமும் செதுக்குவார். கொட்டகையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துண்டுகளை முகர்ந்து பார்த்து, “தேறும்” என்றார். என் உயிர் திரும்பி வந்தது. “நாளைக்குப் பாப்போம்” என்றார். மறுபடி போய்விட்டது.

“இன்னைக்கே முடியாதாண்ணாச்சி?”

“ஞாயித்துக்கெழம உளி தொட மாட்டோம். கரையப் பாத்தேருல்லா? ஒருத்தனும் கடலுக்குப் போவல. மீனுக்கே இன்னைக்கு லீவு.”

“ஆஸ்பத்திரி ஞாயித்துக்கிழம தொறந்துதானே இருக்கு? கால் ஒடஞ்சவனை நாளைக்கு வான்னா சொல்றாங்க?”

“ஒம்ம காலா ஒடஞ்சுது?”

“செவ்வாக்கிழம ஒடையும்.”

அவர் அதற்கும் அசையவில்லை. மதுரையில் ஞாயிற்றுக்கிழமை பல் பிடுங்கலாம், பத்திரம் எழுதலாம், பரோட்டா தின்னலாம். இங்கே ஒரு மரத்தலையை ஒட்ட முடியாதா? ஒரு கரை முழுக்க எனக்கு எதிராகச் சேர்ந்து ஓய்வெடுப்பதாகவே பட்டது. கித்தேரியம்மாள் வீட்டு மாடியில் தங்கினேன். வஞ்சிரக் குழம்பு பிரமாதம். கோபத்தில் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கள், காலை 6.00.

ஓடாவி சொன்னபடி உளியோடு தயாராக இருந்தார். “பத்து மணிக்கு வாரும். பக்கத்துல நின்னு பெருமூச்சு விட்டேருன்னா மரம் வெடிக்கும்.” போனேன். சிலுவைக் கோயில் மேட்டில் ஏறினேன், அதன் கீழே இருக்கும் குகைக்குள் இறங்கினேன், கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் நண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டு வாங்காமல் வசவு வாங்கினேன். என் பதற்றத்தைத் தவிர எல்லாவற்றையும் நன்றாகச் சுற்றிப் பார்த்தேன்.

பத்து மணிக்குத் திரும்பினால் மேஜை நின்றுகொண்டிருந்தது. நேராக, கம்பீரமாக, நான்கு கால்களிலும்.

நான்கு கால்களிலும் இறக்கை.

சுருட்டை முடி, உப்பிய கன்னம், நீல இறக்கை, பொன் பூச்சு. நான்கும் சம்மனசுகள். கடற்கரைக் கிறிஸ்தவர்கள் தேவதூதரைச் சம்மனசு என்பார்கள். பக்கத்தில் மரத்தூளுக்குள், அறுபட்ட மூன்று ஸ்பிங்க்ஸ் தலைகள் வரிசையாகப் படுத்து என்னையே பார்த்தன.

“அண்ணாச்சி!” என்று நான் அலறியதில் வாசலில் நின்ற ஆடு ஓடிவிட்டது. “ஒடஞ்சது ஒரு தலை! ஒண்ணே ஒண்ணு!”

“ஆமா. அந்த ஒண்ணு தேறல, உள்ள பூச்சி அரிச்சிருக்கு. எங்கிட்டச் சப்பரத்துக்குன்னு செஞ்ச சம்மனசு நாலு கெடந்துச்சு. அளவு சின்னதுன்னு திருப்பி விட்டுட்டாவ. அதுல ஒண்ண வச்சேன். மூணு பேரு ஒரு ஜாடை, ஒருத்தர் ஒரு ஜாடை. நல்லாவா இருக்கு? சப்பரத்துல நாலு மூலையும் சேரலன்னா ஊரு சிரிக்கும்வே. அதான் நாலையும் மாத்திட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “மூணு தலைய அறுத்த கூலி வேண்டாம்” என்றார்.

நான் மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காலை உடைத்தவன் என்ற பெயரோடு போயிருக்கலாம். இப்போது எகிப்தையே மதம் மாற்றியவன் என்ற பெயரோடு போக வேண்டும்.

தலையில் கைவைத்து நான் உட்கார்ந்திருந்தபோது கித்தேரியம்மாள் காபியோடு வந்தார். மேஜையைப் பார்த்தார். காபி டம்ளரை என் கையில் திணித்துவிட்டு, ஒவ்வொரு முகமாகக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

“எளா கித்தேரி, புடிச்சிருக்கா?” என்றார் ஓடாவி.

“அந்தோணியாரு இத்தன வருசமா முழிக்கண்ணனுவ தலமேல நிக்காரு. இதுல நின்னா எப்பிடி இருக்கும்!” என்றவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, மாத்திக்கிடுவமா? ஒரே கடையில வாங்குனதுதான. எங்க வீட்டுக்காரரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாவ. இத நான் வச்சிக்கிடுதேன். அத நீரு கொண்டு போரும்.”

என் காதுகளை நம்ப முடியவில்லை. கீறல் இல்லாத நான்கு தலை! காலில் விழப் போனேன்.

“இரும். ஒரு காரியம் இருக்கு. அத எதுக்குக் கொண்டு போறேரு?”

“மச்சான் வீட்டுல வைக்கத்தான்.”

“ஒடஞ்சதச் சொல்லிட்டு வைக்கப் போறேரா, சொல்லாம வைக்கப் போறேரா?”

நான் காபியைப் பார்த்தேன்.

“அந்தோணியாரு நின்ன பலகைய ஏமாத்துக்குத் தர மாட்டேன். இப்ப, எம் முன்னாடி போன் போட்டுச் சொல்லும். சொன்னா எடுத்துட்டுப் போரும்.”

“அக்கா, சொல்லிட்டா அப்புறம் மேஜையே எதுக்கு? சொல்லாம இருக்கத்தானே மேஜை!”

“எங்கிட்ட ஒம்ம மச்சான் நம்பர் இருக்கு” என்று அவரே போனை எடுத்தார்.

நியாயமா இது? நூற்றெண்பது கிலோமீட்டர் பேருந்து, ஐந்நூற்றைம்பது ரூபாய் ஆட்டோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் தப்பிக்கத்தான். அந்த வாக்கியத்தைச் சொன்னால்தான் தப்பிக்கும் மேஜை கிடைக்குமாம். ஓடாவி உளியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை எனக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மச்சான், ஒரு சின்ன விஷயம். டியூப்லைட் மாத்த மேஜை மேல ஏறினேன். கால் ஒடஞ்சிருச்சு.”

மஸ்கட்டில் மச்சான் ஏ.சி.யை அணைக்கும் சத்தம் கேட்டது.

“தலை?”

“மூணு.”

“மூணு தலையுமா போச்சு?”

“இல்ல, அது ஒரு தலை மூணு துண்டு. மத்த மூணு தலைய இன்னைக்குக் காலையில அறுத்தாச்சு.”

கித்தேரியம்மாள் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். மறுமுனையில் முதலில் திட்டும், பிறகு சிரிப்பும் கேட்டன. எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டுமுன் நான் நாதஸ்வரக்காரர் காலில் தடுக்கி விழுந்ததையெல்லாம் மச்சான் அந்த அம்மாளுக்குச் சொல்லி முடித்தார். கடைசியில், “அந்தச் சம்மனசு மேஜைய போட்டோ அனுப்பு பாப்போம்” என்றார். அனுப்பினேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எழுபத்தெட்டு கிலோ இறங்கிய மாதிரி இருந்தது. அதை ஒப்புக்கொள்ளவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

நாங்கள் மூவருமாகச் சம்மனசு மேஜையைத் தூக்கிப்போய் முன்னறையில் வைத்தோம். சுரூபம் ஏறியது. கித்தேரியம்மாள் மெழுகுவர்த்தி ஏற்றினார். இந்த முறை லேஸ் துணியைப் போடவில்லை. மற்ற மேஜைக்கு நான் போர்வை கட்டி முடித்தபோது போன் அடித்தது.

“மாப்ளே, அந்த ரெக்கை வச்சது இருக்குல்ல, அதையே கொண்டாந்துரு.”

நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கித்தேரியம்மாளிடம் நீட்டினேன்.

“ஏறுன சுரூபத்த எறக்கணுமா?” என்று அவர் போனைப் பார்த்துக் கேட்டார். “அண்ணாச்சியே வந்து எறக்கட்டும்!”

மச்சான் லைனைத் துண்டித்துவிட்டார்.

பகல் 1.20. திரும்பும் வழி.

திருச்செந்தூர் நிலையத்தில் மறுபடி இரண்டு டிக்கெட். கையில் இருப்பது இப்போது முழு மேஜை, மடியில் பொய் எதுவும் இல்லை, ஆனாலும் கண்டக்டரோடு ஒரு சுற்றுச் சண்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை உளி தொடாத ஊர், கேட்காத தலையை அறுக்கிற ஊர், மேஜைக்கு விலையாக உண்மையை வசூலிக்கிற ஊர். அதன்மேல் நான் எவ்வளவு கோபமாக இருந்தேன் என்றால், அடுத்த திருவிழா எப்போது என்று கித்தேரியம்மாளிடம் கேட்டுக் குறித்து வைத்திருந்தேன்.

செவ்வாய் காலை மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றாமல் நேராகக் கூடத்துக்கு வந்து நின்றார். நான்கு கால், நான்கு தலை, ஒரு கீறல் இல்லை. குனிந்து ஒவ்வொரு ஸ்பிங்க்ஸின் முதுகையும் தடவிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அத்தனை ஏமாற்றம்.

“ரெக்கை இல்லாம மொட்டையா இருக்கேடா” என்றார்.